சாயம் ஏறாத புள்ளி

சேலத்துல ஏற்காடு பஸ்ஸுக்கு ஜன்னல் சீட் கிடைக்கிறதும், கேம்பஸ் இன்டர்வியூல முதல் ரவுண்டுலயே செலக்ட் ஆகுறதும் ஒரே மாதிரி. ரெண்டுமே எனக்கு வாழ்க்கையில ஒரு தடவைதான் நடந்திருக்கு. பஸ் சீட் கிடைச்சது மூணு மாசத்துக்கு முன்னாடி, ஒரு சனிக்கிழமை காலையில. பக்கத்துல என் அக்கா பொண்ணு. எம்.எஸ்சி. பயோடெக் கடைசி செமஸ்டர். வாய் ஓயாத பொண்ணு, அன்னைக்கு மட்டும் அடிவாரம் தாண்டி மூணாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை.

"என்ன பாப்பா, வயித்தைப் புரட்டுதா?"

"இல்லை மாமா. ப்ராஜெக்ட் புரட்டுது."

அப்புறம் பதினேழு வளைவும் அந்தக் கதைதான். அதை உங்களுக்குச் சொல்லணும்னு அப்பவே தோணுச்சு. ஏன்னா இது அவ கதை மட்டும் இல்லை. அரை நூற்றாண்டா பெரிய பெரிய லேப்கள்ல ஓடிக்கிட்டு இருக்குற ஒரு சண்டை, சேலத்துல ஒரு ஹாஸ்டல் ரூம் வரைக்கும் வந்து ஒரு பொண்ணைத் தூங்க விடாமப் பண்ணியிருக்கு.

சண்டை என்னன்னா, மைட்டோகாண்ட்ரியாவுல இருக்குற டி.என்.ஏ.வுக்கு மேல புள்ளி உண்டா, இல்லையா?

ப்ளஸ் டூ பயாலஜியை உதறித் தள்ளிட்டு பி.காம். சேர்ந்தவங்க பக்கத்தைத் திருப்பிடாதீங்க. உங்களுக்காகத்தான் ஆரம்பத்துல இருந்து சொல்றேன்.

நம்ம செல்லுக்குள்ள பெரிய டி.என்.ஏ. நியூக்ளியஸ்ல இருக்கு. முன்னூறு கோடி எழுத்து. ஏ, டி, ஜி, சி-ன்னு நாலே எழுத்தை வச்சு எழுதின புத்தகம். இதுல சி எழுத்து மேல சில இடத்துல ஒரு சின்ன ஒட்டு இருக்கும். ஒரு கார்பன், மூணு ஹைட்ரஜன். மெத்தில் குரூப்னு பேரு. எழுத்து மாறாது, ஆனா படிக்கிற விதம் மாறிடும். நமக்கு இது புதுசே இல்லை. 'க' எழுதி மேல ஒரு புள்ளி வைங்க, 'க்' ஆயிடும். வாயைத் திறந்த எழுத்து வாயை மூடிக்கும். மெத்தில் புள்ளியும் பெரும்பாலும் இந்த வேலையைத்தான் செய்யுது. ஒரு ஜீனோட வாசல்ல நிறைய புள்ளி விழுந்தா அந்த ஜீன் கப்சிப். கண்ணுல இருக்குற செல்லும் கல்லீரல்ல இருக்குற செல்லும் ஒரே புத்தகத்தை வச்சுக்கிட்டு வேற வேற வேலை பாக்குறதுக்கு இந்தப் புள்ளிகள் ஒரு முக்கியக் காரணம். வயசாக வயசாக புள்ளி விழுற இடம் மாறும். புகை பிடிச்சா மாறும். கேன்சர்ல தாறுமாறா மாறும். இதுல யாருக்கும் சண்டை இல்லை.

சண்டை ரெண்டாவது டி.என்.ஏ. மேல. செல்லுக்கு கரன்ட் சப்ளை பண்ற மைட்டோகாண்ட்ரியாவுக்குன்னு தனியா ஒரு குட்டி டி.என்.ஏ. உண்டு. 1963-ல மார்கிட் நாஸும் சில்வன் நாஸும் கண்டுபிடிச்சது. மனுஷனோடது வெறும் 16,569 எழுத்து, 37 ஜீன். அது நமக்கு அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வருது. அப்பா பேரை இனிஷியலா போட்டுக்கிட்டு, அம்மா கொடுத்த பேட்டரியில ஓடிக்கிட்டு இருக்கோம். ஏற்காட்டுல குடிக்கிற அராபிகா காபிக்குக்கூட ஒரு அம்மா உண்டுங்க. யூஜெனியாய்டிஸ்னு ஒரு காட்டுக் காபிச் செடி. அப்பா, ரொபஸ்டா. 1820-கள்ல சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலையில காபி நட்டப்போ இந்தக் குடும்ப விவகாரம் அவருக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்லை.

அந்தக் குட்டி டி.என்.ஏ. நீளமான நூல் கிடையாது. வளையம். ஏற்காட்டுல லூப் ரோடுன்னு ஒண்ணு இருக்கே, ஏரிகிட்ட கிளம்பி, காபி எஸ்டேட், சில்வர் ஓக் மரம், மிளகுக் கொடி எல்லாம் பாத்துட்டு 32 கிலோமீட்டர் சுத்தி மறுபடி ஏரிக்கே வந்து சேர்ற ரோடு. அந்த மாதிரி, ஆரம்பமும் முடிவும் இல்லாத வளையம். இந்த வளையங்கிற விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க. கதையோட வில்லன் அங்கதான் ஒளிஞ்சிருக்கான்.

பாப்பாவோட ப்ராஜெக்ட் சிம்பிள். சிகரெட் பிடிக்கிறவங்க கொஞ்சம் பேர், பிடிக்காதவங்க கொஞ்சம் பேர். கன்னத்தோட உள்பக்கத்துல இருந்து செல் எடுத்து, மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வுல புள்ளி எவ்வளவு இருக்குன்னு எண்ணணும். எண்ணினா. புள்ளி இருந்துச்சு. அதுவும் சிகரெட் பார்ட்டிகளுக்கு கொஞ்சம் கூடவே இருந்துச்சு. கைடுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பேப்பரே போடலாம்னுட்டார். இவளும் ஹாஸ்டல்ல எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கா.

அதுக்கப்புறம் ஒரு தப்பு பண்ணிட்டா. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு முன்னுரை எழுதணுமேன்னு பழைய பேப்பர்களை ஒழுங்கா உக்காந்து படிச்சிட்டா.

படிச்சப்போ அவளுக்குக் கிடைச்ச வரலாறு இதுதான். 1973-ல மார்கிட் நாஸ், அதே அம்மாதான், எலி, ஹாம்ஸ்டர் செல்களோட மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வுல கொஞ்சமா மெத்தில் இருக்குன்னு எழுதுறாங்க. மறு வருஷமே, 1974-ல, இகோர் டேவிட்ங்கிறவர் தவளையிலயும் ஹீலா செல்லுலயும் தேடிப் பாத்துட்டு 'இல்லை'ங்கிறார். அப்புறம் ஒருத்தர் உண்டுன்னா ஒருத்தர் இல்லைன்னு ஓடி, விஷயம் ஓரளவு தூங்கிப் போச்சு. எழுப்பினது 2011. அமெரிக்காவுல வர்ஜீனியா காமன்வெல்த் யுனிவர்சிட்டியில ஷெர்லி டெய்லர் குழு, நியூக்ளியஸ்ல புள்ளி வைக்கிற டி.என்.எம்.டி.1-ங்கிற என்சைமுக்கு மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போறதுக்குன்னே முகவரிச் சீட்டு ஒட்டின ஒரு வடிவம் இருக்குன்னு காட்டினாங்க. புள்ளி வைக்கிற ஆளே வீட்டுக்குள்ள இருக்கார்னா புள்ளி இல்லாமலா இருக்கும்? அவ்வளவுதான், உலகம் பூரா கிளம்பிட்டாங்க. சர்க்கரை வியாதி, உடல் பருமன், வயசு, காத்து மாசு, கேன்சர்னு எதை எடுத்தாலும் மைட்டோகாண்ட்ரியா புள்ளியோட முடிச்சுப் போட்டு பேப்பர் வந்துச்சு.

நம்ம ஊர் ஆட்களும் களத்துல உண்டு. டெல்லி ஜே.என்.யு.வுல பாமேசாய் குழு 2017-ல சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழ்ல எழுதினாங்க. டி.என்.எம்.டி.1-ஓட மூணாவது வடிவம் மைட்டோகாண்ட்ரியா ஜீனோம்ல மெத்தில் வைக்குது, அதோட நடவடிக்கையை மாத்துதுன்னு. கட்சி, 'உண்டு' கட்சி.

எதிர்க்கட்சியும் சும்மா இல்லை. 2013-லயே அமெரிக்காவுல ஷிஹ் குழு, தலைப்புலயே 'சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணம்'ங்கிற தொனியில, சி-க்குப் பக்கத்துல ஜி வர்ற இடங்கள்ல மெத்தில் கிடையவே கிடையாதுன்னு எழுதினாங்க. (தலைப்புல அவ்வளவு அழுத்திச் சொன்னா சண்டை நிக்காதுங்கிறது என் அனுபவம். வீட்டுலயும் அப்படித்தான்.)

இங்கதான் பாப்பாவுக்குத் தூக்கம் போச்சு. ரெண்டு கட்சியிலயும் படிச்சவங்க, நேர்மையானவங்க. அப்போ எப்படி ஒருத்தருக்குத் தெரியுது, ஒருத்தருக்குத் தெரியலை?

புள்ளியை எப்படி எண்ணுறாங்கன்னு பாத்தாதான் புரியும். 1992-ல ஆஸ்திரேலியாவுல மரியான் ஃப்ரோமரும் சகாக்களும் கொண்டுவந்த முறை ஒண்ணு, இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு. டி.என்.ஏ.வை பைசல்ஃபைட்ங்கிற உப்புக் கரைசல்ல ஊறப் போடணும். புள்ளி இல்லாத சி எல்லாம் உருமாறி, கடைசியில டி-ன்னு படிக்கப்படும். புள்ளி வச்ச சி மட்டும் அசையாம சி-யாவே நிக்கும். அப்புறம் எழுத்துக் கூட்டிப் படிச்சா, எங்கெல்லாம் சி மிச்சம் இருக்கோ அங்கெல்லாம் புள்ளி இருந்ததுன்னு அர்த்தம்.

சுங்குடிப் புடவை தெரியுமில்லையா? துணியில அங்கங்க நூலால முடிச்சுப் போட்டு சாயத்துல முக்குவாங்க. முடிச்சுக்குள்ள சாயம் ஏறாது. பிரிச்சா வெள்ளைப் புள்ளி. பைசல்ஃபைட்டும் அதேதான். சாயம் ஏறாத இடமெல்லாம் முடிச்சு இருந்த இடம்.

சரி, துணியைப் பிரிச்சுப் போடாம, பிழிஞ்ச வாக்குல முறுக்கின மேனிக்கே சாயத் தொட்டியில போட்டா? உள்மடிப்புல சாயம் போகாது. அங்கயும் வெள்ளை வெள்ளையா நிக்கும். அதை எடுத்துட்டு வந்து 'ஆஹா, எவ்வளவு முடிச்சு போட்டிருக்காங்க'ன்னு எண்ணினா எப்படி இருக்கும்?

பஸ் பதினோராவது வளைவுல திரும்புறப்போ பாப்பா தலையில இருந்த ரப்பர் பேண்டைக் கழட்டினா. விரல்ல மாட்டி முறுக்கினா. இன்னும் முறுக்கினா. அது தன் மேலயே சுருண்டு குட்டி உருண்டை ஆயிடுச்சு.

"இதுதான் மாமா மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. வளையம்ங்கிறதால முறுக்கு வெளிய போக வழியில்லை. பைசல்ஃபைட் வேலை செய்யணும்னா ரெண்டு இழையும் பிரிஞ்சு தனித்தனியா நிக்கணும். நூல் மாதிரி இருந்தா சூடு பண்ணினதும் பிரிஞ்சு போகும். வளையத்துல ரெண்டு இழையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிட்டு இருக்கு, சங்கிலிக் கண்ணி மாதிரி. எவ்வளவு சூடு பண்ணினாலும் முழுசா விலகாது. உள்ள இருக்குற சி-க்கு மருந்தே போய்ச் சேராது."

"அது சி-யாவே நிக்கும். நீ புள்ளின்னு எண்ணுவே."

"எண்ணிட்டேன் மாமா. பப்ஸும் வாங்கிக் கொடுத்துட்டேன்."

இதுக்கு வைத்தியம் சிம்பிள். வளையத்தை ஒரே ஒரு இடத்துல வெட்டிடணும். பாம்-ஹெச்-ஒண்ணுன்னு ஒரு என்சைம் கத்தரிக்கோல் இருக்கு. மனுஷனோட மைட்டோகாண்ட்ரியா வளையத்துல அது வெட்டுறது ஒரே இடம், 14,258-வது எழுத்துப் பக்கம். லூப் ரோட்டுல நாகலூர் பக்கம் மரம் விழுந்து ரோடு அடைச்சா என்ன ஆகும்? அதுக்கப்புறம் அது லூப் இல்லை, நீளமான சாதா ரோடு. முறுக்கு எல்லாம் விடுபட்டுடும். 2016-ல சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்ல வந்த ஒரு ஆய்வு இதைத்தான் செஞ்சது. வெட்டாம பாத்தா புள்ளி, வெட்டிட்டுப் பாத்தா கிட்டத்தட்ட ஒண்ணுமில்லை. 2017-ல கோபன்ஹேகன்ல ரோமன் பரேஸ் குழுவும் இதே மாதிரி வெட்டிப் பாத்து, 'மெத்தில் இல்லைன்னுதான் தோணுது'ன்னு எழுதினாங்க.

பாப்பாவும் வெட்டினா. மிச்சம் இருந்த சாம்பிளை எல்லாம் எடுத்து, கத்தரிக்கோல் போட்டு, ஆரம்பத்துல இருந்து மறுபடி. ரெண்டு வாரம். சிகரெட் பிடிக்கிறவங்க, பிடிக்காதவங்க, ரெண்டு பக்கமும் புள்ளி காணாமப் போச்சு. வித்தியாசமும் போச்சு.

"கைடு என்ன சொன்னார்?"

"ரிசல்ட் வரலைன்னார்."

அதோட நிறுத்தலையாம். வெட்டின டேட்டாவை விட்டுடு, முதல் டேட்டாவை வச்சு எழுதிடு, நேரம் இல்லைன்னுட்டார். அவரைக் குத்தம் சொல்லி எனக்கு ஒண்ணும் ஆகப் போறதில்லை. ஒரு வருஷத்துல பன்னண்டு பசங்களோட ப்ராஜெக்ட்டைக் கரை சேர்க்குற ஆள். ஆனா 'ரிசல்ட் வரலை'ங்கிற அந்த வார்த்தை இருக்கே, அதுதான் எனக்குப் பிடிக்கலை. வந்திருக்கே. பூஜ்யம்னு வந்திருக்கு.

ஏரிகிட்ட இறங்கி, மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கிட்டு, கல் பெஞ்சுல உக்காந்தோம். ஒரு சந்தேகம் எனக்கு. அவ எண்ணினது பொய்ப் புள்ளின்னே வச்சுக்குவோம். பொய்ன்னா ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே அளவு பொய் வரணுமில்லையா? சிகரெட் பார்ட்டிக்கு மட்டும் ஏன் கூட வந்துச்சு? கேட்டேன். பஜ்ஜியைப் பாதியில நிறுத்திட்டு யோசிச்சா.

"மாமா, எல்லா வளையமும் ஒரே அளவு முறுக்கா இருக்காதே. சிலது ஏற்கனவே அறுந்திருக்கும். சிலது இன்னொரு காப்பி எடுக்குறதுக்காகத் தளர்ந்திருக்கும். சாம்பிள் எடுத்த நாள், வச்சிருந்த விதம், சுத்தம் பண்ணின விதம்னு எல்லாத்துலயும் மாறும். ரெண்டு கூட்டத்துக்கும் முறுக்கு வேற வேறயா இருந்தா, பொய்யும் வேற வேறயாத்தான் வரும்."

இது அவ ஊகம்தான். ஆனா எனக்கு முதுகுல சில்லுன்னு ஆச்சு (ஏற்காட்டுக் குளிரையும் கழிச்சுக்கலாம்). ஏன்னா நாம எல்லாரும் அளவுகோல்ல கோளாறு இருந்தா அது ரெண்டு பக்கமும் சமமா அடிபட்டுப் போயிடும்னு நினைக்கிறோம். கோளாறே ஒரு பக்கம் சாயலாம். அப்போ கிராஃப் அழகா வரும், புள்ளியியல் சோதனை பாஸ் ஆகும், அத்தனையும் காத்துல நிக்கும். 2011-க்கு அப்புறம் வந்த பேப்பர்கள்ல எத்தனை இப்படி நிக்குதுன்னு யோசிச்சா பயமா இருக்கு. அதுல ஏதோ ஒண்ணை நம்பித்தான் அடுத்த ஒருத்தர் பிஎச்.டி. பதிவு பண்ணியிருப்பார்.

பஜ்ஜி முடிஞ்சதும் ஆர்கிட் தோட்டத்துக்குப் போனோம். இந்திய தாவரவியல் ஆய்வுத் துறையோட தோட்டம். பூச்சி தின்னும் குடுவைச் செடியைப் பாக்கத்தான் எல்லாரும் வருவாங்க. இவ அதைக்கூடப் பாக்காம, செடிகள்ல இதே சண்டை இன்னும் கூத்துன்னு ஆரம்பிச்சா. வளையத்தை விட்டா இன்னொரு வில்லன் இருக்கானாம்.

நம்ம வீட்டுல எவர்சில்வர் பாத்திரத்துல பேர் பொறிச்சு வைப்போமில்லையா, விசேஷத்துக்குக் கொடுத்தா திரும்பி வரணும்னு. உங்க வீட்டுப் பாத்திரத்துல பேர் பொறிக்கிற வழக்கமே இல்லைன்னு வச்சுக்கங்க. எப்பவோ உங்க வீட்டுல இருந்து நாலு சொம்பு பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சு. அவங்க பழக்கப்படி அதுல பேர் பொறிச்சுட்டாங்க. இப்போ ஒருத்தர் தெருவுல இருக்குற சொம்பை எல்லாம் கலந்து கொட்டி எண்ணினா, 'இந்த வீட்டு மாடல் சொம்புல பேர் இருக்கு'ன்னுதான் எழுதுவார்.

மைட்டோகாண்ட்ரியாவோட டி.என்.ஏ. துண்டுகள் பரிணாமத்துல அப்பப்போ நியூக்ளியஸுக்குள்ள போய் ஒட்டிக்கிச்சு. நம்மகிட்டயே அப்படி நூத்துக்கணக்குல இருக்கு. நியூக்ளியஸ்ல இருக்குறதால அதுக்கெல்லாம் புள்ளி விழும். லேப்ல எல்லாரும் வளர்க்குற அராபிடாப்சிஸ்ங்கிற கடுகு இனச் செடியில இது உச்சக்கட்டம். அதோட ரெண்டாவது குரோமோசோம்ல 6 லட்சத்து 41 ஆயிரம் எழுத்து நீளத்துக்கு மைட்டோகாண்ட்ரியா சரக்கு செருகியிருக்கு. அதோட மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மொத்தமே சுமார் 3 லட்சத்து 68 ஆயிரம்தான்! ஒரிஜினலை விட பக்கத்து வீட்டுல இருக்குற காப்பி பெருசு. இந்தச் செருகலை முழுசா எழுத்து எழுத்தாப் படிச்சு முடிச்சதே 2022-லதான். அந்தச் செடியில 'மைட்டோகாண்ட்ரியாவுல புள்ளி'ன்னு யாராவது சொன்னா, எந்த வீட்டுச் சொம்புன்னு முதல்ல கேக்கணும்.

அப்போ சாயமும் வேண்டாம், சங்கடமும் வேண்டாம்னு நேரடியா படிக்க முடியாதா? முடியும். நானோபோர்ங்கிற கருவி. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை வழியா டி.என்.ஏ. இழையை ஊசியில நூல் கோக்குற மாதிரி இழுப்பாங்க. ஒவ்வொரு எழுத்தும் போறப்போ கரன்ட் கொஞ்சம் ஏறி இறங்கும். புள்ளி வச்ச சி-யும் புள்ளி இல்லாத சி-யும் வேற மாதிரி ஏத்தி இறக்கும். இழை நீளமா வர்றதால அது வளையத்தோடதா, நியூக்ளியஸ்ல ஒட்டினதாங்கிறதையும் பிரிச்சுடலாம். 2021-ல கேம்பிரிட்ஜ்ல சின்னரி குழு இதை மனுஷ செல்கள்லயும் திசுக்கள்லயும் செஞ்சு பாத்தாங்க. எனக்கு அதுல பிடிச்சது அவங்க வச்ச ஒப்பீடு. புள்ளியே இருக்க முடியாதபடி லேப்ல நகல் எடுத்த டி.என்.ஏ. ஒரு பக்கம். வேணும்னே எல்லா இடத்துலயும் புள்ளி வச்ச டி.என்.ஏ. இன்னொரு பக்கம். நடுவுல நிஜ சாம்பிள். நிஜம், புள்ளியில்லாத பக்கமே போய் நின்னுச்சு. சி-க்குப் பக்கத்துல ஜி வர்ற இடங்கள்ல மெத்தில் இருக்குறதுக்கு ஆதாரம் இல்லைன்னு முடிச்சாங்க.

கேஸ் குளோஸ்னு சொல்லிட ஆசையாத்தான் இருக்கு. ஆனா 2019-ல பிரான்ஸ்ல லியோன்ல இருக்குற சர்வதேச கேன்சர் ஆய்வு நிறுவனத்துக் குழு ஒரு குண்டு போட்டுச்சு. எல்லாரும் சி-ஜி ஜோடியையே பாத்துக்கிட்டு இருக்கீங்க, ஜி இல்லாத மத்த சி-க்கள்லதான் புள்ளி கொட்டிக் கிடக்குதுன்னு. 2020-ல இன்னொரு குழு சி-யை விட்டுட்டு ஏ எழுத்து மேல புள்ளி இருக்குன்னாங்க. ஏ மேல வைக்கிற புள்ளி பாக்டீரியாவுல ஏராளம், ஒரு துளி பாக்டீரியா கலந்தாலே ஏமாந்துடலாம்னு 2022-ல சயின்ஸ் இதழ்ல வந்த ஒரு கட்டுரை, இந்த வகை ஆய்வுகள் மொத்தத்தையும் உலுக்கிடுச்சு. அப்புறம், அந்த என்சைம். அதை மைட்டோகாண்ட்ரியாவுல பாத்தோம்னு சொன்னவங்க சொன்னதுதான். அது அங்க புள்ளி வைக்கலைன்னா வேற என்ன பண்ணுது?

என் கட்சியைக் கேட்டா, சி-ஜி ஜோடி விஷயத்துல 'இல்லை' கட்சிக்கே என் ஓட்டு. மத்த சி-க்கள் விஷயத்துல ஓட்டுப் போட மாட்டேன். ஆனா அங்கயும் முதல் கேள்வி ஒண்ணுதான்: 'வளையத்தை வெட்டினீங்களா?' அதைச் சொல்லாத பேப்பரை நான் மேல படிக்கிறதில்லை.

பழைய ஓலைச்சுவடிகள்ல மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டாங்க, ஓலை கிழிஞ்சுடும்னு சொல்லுவாங்க. படிக்கிறவங்க இடம் பாத்து தாங்களே புள்ளி வச்சுப் படிக்கணும். அதே ஓலையில பூச்சி அரிச்ச ஓட்டையும் இருக்கும். பதிப்பிக்க உக்காந்தவங்க ஓலையை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு எது எழுத்தாணி, எது பூச்சின்னு பாத்து பாத்துப் படிச்சாங்க. ஒரே வரிக்கு நாலு ஊர்ச் சுவடி தேடி அலைஞ்சாங்க. பாப்பாகிட்ட இதைச் சொன்னேன். "நீங்க எதை எடுத்தாலும் தமிழ் மீடியத்துக்குக் கொண்டு வந்துடுவீங்க மாமா"ன்னா.

சாயந்திரம் பகோடா பாயின்ட்ல நின்னோம். பனி மூடி கீழ ஒண்ணும் தெரியலை. திடீர்னு கேட்டா, "முதல் டேட்டாவை மட்டும் வச்சு எழுதினா என்ன மாமா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. பாஸ் ஆயிடுவே. பேப்பர்கூட வரலாம்."

"ரெண்டையும் வச்சு எழுதினா?"

"கைடுக்குக் கோவம் வரும். மார்க் குறையலாம். பேப்பர் வராது. 'சிகரெட் பிடிச்சா மைட்டோகாண்ட்ரியாவுல புள்ளி மாறாது'ன்னு எந்தப் பத்திரிகையும் முதல் பக்கத்துல போடாது."

எனக்கு அதுக்கு மேல சொல்லத் தெரியலை. மார்க் அவளோடது, நான் வெறும் மாமா. அக்காவுக்குத் தெரிஞ்சா, புள்ளை வாழ்க்கையைக் கெடுக்காதேன்னு என்னைத்தான் வெளுத்திருப்பா. திரும்பி வர்ற பஸ்ல ரெண்டு பேருமே பேசலை. வளைவு நம்பர் போர்டு மட்டும் ஒவ்வொண்ணா போச்சு.

போன வாரம் வைவா முடிஞ்சுது. ராத்திரி போன் பண்ணினா. ரெண்டு கிராஃபையும் பக்கத்துல பக்கத்துல போட்டு எழுதியிருக்கா. கைடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசலை, அப்புறம் கையெழுத்துப் போட்டுட்டாராம். வெளியில இருந்து வந்த எக்ஸாமினர் பக்கம் பக்கமா புரட்டிக்கிட்டே வந்தவர், அந்த ரெண்டு கிராஃப் இருக்குற பக்கத்துல நின்னுட்டார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு, "இந்த ரெண்டாவது தடவை ஏன்மா வெட்டினே?"ன்னு கேட்டிருக்கார்.

இவ தலையில இருந்த ரப்பர் பேண்டைக் கழட்டியிருக்கா.